கிழக்கு வேலியும் பூங்கன்று வட்டமும்

1

காலை ஐந்து நாற்பது. அடுப்புக்கு மேலிருந்த குசினி யன்னலைத் திறந்தபோது முதலில் கண்ணில் பட்டது ஒரு கத்தி. கிழக்கு வேலிக்கு மேலால் எங்கள் வளவுக்குள் நீண்டிருந்த ஒரு கை அதைப் பிடித்திருந்தது. கை ஒரு கிளுவைக் கிளையைத் தடவி, தடிப்புப் பார்த்து, சாய்வாக வெட்டியது. கிளை அந்தப் பக்கம் இழுபட்டு மறைந்தது. பிறகு கை மறுபடியும் வந்தது.

முந்தின நாள் மாலைதான் நான் மெல்பேணிலிருந்து கொழும்பு வழியாகத் திருகோணமலைக்கு வந்து சேர்ந்திருந்தேன். அம்மா இறந்து நான்கு வருடங்கள். அந்த நான்கு வருடங்களும் வீடு பூட்டிக் கிடந்தது.

“ஆர் அது?” என்றேன்.

கை நின்றது. வேலிக்கு மேலே பக்கத்து வீட்டு சிவமணி ரீச்சரின் முகம் தெரிந்தது. ஓய்வு பெற்றுவிட்டார், ஆனாலும் ஒழுங்கை முழுவதற்கும் அவர் ரீச்சர்தான்.

“மாலதியே? எழும்பிட்டீங்களோ? இவ்வளவு வெள்ளண எழும்புவீங்கள் எண்டு நான் நினைக்கேல்லை. ஒண்டுமில்லை, ரிஸ்வானா முதல் பஸ்ஸில வந்திட்டா, அவவுக்கு நாலு கதியால் வெட்டுறம். வெய்யில் ஏற முந்தி வெட்டினால்தான் வாடாது.”

அவருக்குப் பின்னால் முக்காடு போட்ட இன்னொரு பெண் எட்டிப் பார்த்தாள். “பயந்திட்டீங்களா அக்கா? கள்ளர் எண்டா விடியக் காத்திருந்து வருவாங்களா?”

இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இவ்வளவு வெள்ளண எழும்புவேன் என்று அவர் நினைக்கவில்லை. அந்த வசனத்தைத் தனியே எடுத்து வைத்துக்கொண்டேன்.

2

நான் பதினொரு வருடங்கள் கொழும்பில் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் வேலை செய்தவள். எந்தச் சம்பவத்தையும் கேட்டவுடன் இதனால் யாருக்கு லாபம் என்று பார்க்கும் பழக்கத்தை அங்கே கற்றுத் தந்தார்கள். வெளிநாட்டில் அந்தப் பழக்கத்துக்கு அதிகம் வேலை இருக்கவில்லை. ஊருக்கு வந்தவுடன் அது எழுந்து உட்கார்ந்துகொள்ளும்.

கதியால் என்பது வெட்டி நட்டால் வேர்விட்டுத் தளிர்க்கும் கிளை. வரிசையாக நட்டுவிட்டால் அதுவே வேலி. எங்கள் பக்கங்களில் இரண்டு வளவுகளுக்கு நடுவே உள்ள வேலி எப்போதும் ஒரு வீட்டுக்காரருக்குச் சொந்தம். அதை அடைப்பதும் திருத்துவதும் அவர்கள் பொறுப்பு. கிழக்கு வேலி எங்களுடையது. ரீச்சர் வீட்டார் அதில் ஒரு இலையைக்கூடக் கேட்காமல் பிடுங்கியதில்லை. அப்பா இருந்த காலத்தில் ஒருமுறை அவர்களுடைய ஆடு அதைக் கடித்ததற்கு ரீச்சரின் கணவர் வந்து மன்னிப்புக் கேட்டார்.

நான்கு வருடங்களுக்கு முன்பு நான் பூட்டிவிட்டுப் போனபோது அந்த வேலியில் பட்டுப்போன சில கதியால்களும் துருப்பிடித்த முட்கம்பியும்தான் மிச்சம். இப்போது ஒழுங்கையிலிருந்து பின் எல்லை வரைக்கும் ஒரு இடைவெளி இல்லாத பச்சை வேலி நின்றது. யாரும் எங்களிடம் கேட்கவில்லை. அப்படித்தான் நான் நினைத்தேன்.

வீடு எனக்கும் கனடாவில் இருக்கும் அண்ணனுக்கும் பொதுவானது. நான் வந்தது அம்மாவின் திவசத்துக்கு. அதோடு வளவையும் ஒருமுறை பார்த்துவிட்டு வரும்படி அண்ணன் சொல்லியிருந்தான். அன்றிரவு அவனுக்குப் புதிய வேலியைப் பற்றிச் சொன்னேன்.

“நான் சொன்னனான்தானே,” என்றான். “வெளிநாட்டுக்காரற்றை காணி எண்டால் எல்லாருக்கும் ஒரு கண். வேலி போடுறவன் வைச்சதுதான் எல்லை. நீ ஒண்டும் கதையாதை. முதல் அள.”

3

சிவமணி ரீச்சரும் ரிஸ்வானாவும் சேர்ந்து நடத்துவது பூங்கன்று வட்டம். மாதத்தில் முதல் ஞாயிறு ஒருவர் வீட்டில் கூடுவார்கள். ஒரு கன்றோடு வந்து ஒரு கன்றோடு போக வேண்டும். வாங்கிய கன்றுக்கு நன்றி சொல்லக்கூடாது. சொன்னால் கன்று வேர் பிடிக்காது என்று ஒரு நம்பிக்கை. ரிஸ்வானா கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் மடியில் சாடியை வைத்துக்கொண்டு வருவாள். மற்றவர்கள் பெரும்பாலும் எங்கள் ஒழுங்கையும் அதற்குக் கீழே துறைமுகப் பக்கம் இறங்கும் தெருவும்.

அந்த மாதம் ரீச்சர் வீட்டு முற்றம். நானும் அழைக்கப்பட்டேன். கதிரைகள் வட்டமாக, நடுவில் கன்றுகள்: செவ்வரத்தை, நந்தியாவட்டை, கொச்சிக்காய், தகரப் பால்பேணிக்குள் வல்லாரை. துறைமுகத்தில் முன்பு கிரேன் ஓட்டிய ஜமால்தீன் நானா ஒரு ரோசாவைக் கையில் வைத்திருந்தார். அதை யாருக்குக் கொடுப்பது என்று தீர்மானிக்க முடியாமல் எல்லாருடைய முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“நானா, கலியாணத்துக்குப் பொண்ணு பார்க்கிறீங்களா?” என்றாள் ரிஸ்வானா.

“சும்மா இரி. இந்த ரோசா மானுக்குத் தப்பினது. வளர்க்கத் தெரிஞ்ச ஆளுக்குத்தான் குடுப்பன்.” பிறகு என் பக்கம் திரும்பினார். “மகள், ஒங்களுக்குத் தெரியுமா? முந்தி ஒங்கட வளவுதான் மானுக்கு மெயின் கேட். ஆளில்லாத வீடு, வேலியும் இல்ல. ராவைக்குப் பத்துப் பன்னிரண்டு வந்து ஒழுங்கையில ஒரு இலை விடாது. ரீச்சர் அந்த வேலியப் போடலண்டா இந்த வட்டமே இல்ல.”

நகரத்து மான்களை எனக்குத் தெரியும். பஸ் நிலையத்தடியில் வாழைப்பழத் தோல் தின்றுகொண்டு நிற்பவை. நம்பக்கூடிய காரணம்தான். ஆனால் ரீச்சர் அந்த நேரம் நிமிரவில்லை. வல்லாரைப் பேணியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அதில் துடைக்க ஒன்றும் இருக்கவில்லை.

தேத்தண்ணீர் கொண்டுவந்தவள் ரீச்சரின் மகள் சுகந்தி. இரண்டு பிள்ளைகள். கணவன் ரமேஷுக்குத் தம்பலகாமத்தில் உழவு இயந்திரம் திருத்தும் கராஜில் வேலை. ஒவ்வொரு நாளும் மோட்டார் சைக்கிளில் போய், வீதிக்கு யானை இறங்க முதல் திரும்பிவிட வேண்டும். நால்வரும் ரீச்சர் வீட்டின் ஒரே அறையில் இருக்கிறார்கள்.

“வீட்டுப் பிளான் என்ன மாதிரி பிள்ளை? பின்னுக்குக் கட்டப் போறீங்கள் எண்டு கதை?” என்று யாரோ கேட்டார்கள்.

“எங்க? பாதை அகலம் காணாதாம். ஒன்றரை அடி குறையுதாம். நகர சபையில அனுமதி தர ஏலாதாம்,” என்றாள் சுகந்தி.

“சுகந்தி, சீனியைக் கொண்டு வா,” என்றார் ரீச்சர்.

சீனி மேசையில்தான் இருந்தது.

ரீச்சரின் பின்காணிக்குப் போகும் பாதைக்கு ஒரு பக்கம் அவர்கள் வீட்டுச் சுவர். மறுபக்கம் எங்கள் கிழக்கு வேலி. சுவரை நகர்த்த முடியாது. அவர்களுக்கு ஒன்றரை அடி வேண்டும். நாங்கள் இல்லாத நேரத்தில் வேலி புதிதாக நடப்பட்டிருக்கிறது. பத்திரிகையில் இருந்திருந்தால் இதை முதல் பக்கத்துக்குக் கொடுக்க முதல் இன்னும் ஒரு விஷயத்தை மட்டும் சரிபார்க்கச் சொல்லியிருப்பார்கள்.

நானா கடைசியில் ரோசாவை எனக்குத்தான் தந்தார். வாய் தவறி நன்றி சொல்லிவிட்டேன். முற்றம் முழுவதும் “ஐயோ!” என்றது.

4

மெல்பேணில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பவர் நல்ல மனிதர். எட்டு வருடமாக என்னைக் கண்டால் கையசைப்பார், காலநிலையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசுவார். ஒருநாள் காலை அப்படிப் பேசிவிட்டு உள்ளே போனேன். மத்தியானம் தபால் பெட்டியில் அவரிடமிருந்து ஒரு நோட்டீஸ் கிடந்தது. நடுவேலி பழுதாகிவிட்டது, புதிது போட வேண்டும், பாதிச் செலவு உங்களுடையது, இத்தனை நாட்களுக்குள் பதில் தரவும். காலையில் அவர் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் மழையைப் பற்றிக் கதைத்திருக்க வேண்டும்.

அப்போது எனக்குக் கோபம் வந்தது. நான் அந்த நாட்டின் ஆங்கிலத்தில் கோபப்படத் தெரியாதவள். அதனால் “மிகவும் நன்றி” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மூன்று கிழமையில் வேலி வந்தது. அளவு சரியாக இருந்தது. அவர் இன்றும் கையசைக்கிறார்.

அங்கேயும் தோட்டக் கழகம் ஒன்று உண்டு. பாத்திக்குக் காத்திருப்போர் வரிசை, செடி உயரத்துக்கு விதி. என் முருங்கை அந்த விதியை மீறிய வருடம் ஒரு கடிதம் வந்தது. யாரும் நேரில் வந்து சொல்லவில்லை. அங்கே யாரையும் சந்தேகிக்க வேண்டிய தேவை இல்லை. எல்லாம் எழுத்தில் வந்துவிடும்.

கூட்டம் முடிந்த அன்று மகள் அழைத்தாள். அவள் இந்த வீட்டைக் கடைசியாகப் பார்த்தது ஒன்பது வயதில்.

“அம்மா, அந்த ரீச்சர் லேடியிட்ட நேரா கேக்க ஏலாதா?”

“அப்படிக் கேட்க ஏலாது.”

“ஏன்?”

“கேட்டால் அவ கள்ளி எண்டு நான் சொன்ன மாதிரி.”

“ஆனா நீங்க அப்பிடித்தானே நினைக்கிறீங்க?”

அவளுடைய தமிழ் குறைந்துகொண்டு போகிறது, கேள்விகள் குறையவில்லை. வீட்டை விற்றுவிட்டால் என்ன என்றும் கேட்டாள். குசினி எந்தப் பக்கம் என்றுகூட அவளுக்கு நினைவில்லை.

5

ரீச்சர் கோயிலுக்குப் போகும் வெள்ளிக்கிழமையைப் பார்த்து அளந்தேன். கடையில் வாங்கிய உருக்கு நாடா. குசினிச் சுவரிலிருந்து கிழக்கு எல்லைக்கு எவ்வளவு என்று அண்ணன் தொலைபேசியில் சொல்லியிருந்தான். அப்பா அடிக்கடி சொல்லும் கணக்கு, எனக்கும் பாடம்.

நாடா அந்த அளவைத் தாண்டியது. வேலியைத் தொடும்போது இன்னும் ஒன்றரை அடி கூடுதலாக இருந்தது.

தவறாகப் பிடித்துவிட்டேன் என்று நினைத்து மறுபடி அளந்தேன். நடுவில் அளந்தேன், பின் எல்லையில் அளந்தேன். எங்கேயும் அதுதான். எங்கள் வளவு சுருங்கவில்லை. வளர்ந்திருந்தது.

வேலியோரம் கிளுவை இலைகளை முழங்கால் உயரத்துக்குக் கொட்டி மூடியிருந்தார்கள். ஒரு தடியால் விலக்கினேன். கறையான் தின்ற பழைய கதியால் அடிகள் ஒரு நேர்கோட்டில் இருந்தன. கடைசியில் எல்லைக்கல். அப்பா சுண்ணாம்பு பூசி வைத்த கல், அசையாமல் தன் இடத்தில். புதிய வேலி அதற்கு அப்பால், ரீச்சரின் காணிக்குள் நின்றது.

எங்களுக்கு லாபம் என்று தெரிந்த பிறகு சந்தேகம் போயிருக்க வேண்டும். போகவில்லை, வேறு உருவம் எடுத்தது. ஒன்றரை அடிக்காக வீடு கட்ட முடியாமல் இருக்கும் குடும்பம், அதே ஒன்றரை அடியை ஏன் எங்கள் பக்கம் தள்ளிவிட வேண்டும்? நாளைக்கு நாங்கள் திருடினோம் என்று சொல்லவா? வழக்குப் போடவா? கல்லை ஏன் இலையால் மூட வேண்டும்? இலைகளைத் திரும்ப இருந்த மாதிரியே கொட்டிவிட்டு உள்ளே வந்தேன். நாடாவை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். இதையெல்லாம் நான் செய்ததை ஒழுங்கையில் யாராவது பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பார்கள் என்பது அப்போது தோன்றவில்லை.

6

அடுத்த நாள் பின்னேரம் ரீச்சர் வீட்டுக்குப் போனேன். ரிஸ்வானாவும் அங்கே இருந்தாள். சாக்கு விரித்து மண்ணும் எருவும் கலந்துகொண்டிருந்தாள். சுகந்தி படியில் உட்கார்ந்து மகளுக்குத் தலை இழுத்துக்கொண்டிருந்தாள்.

“ரீச்சர், வேலி உங்கட காணிக்குள்ள நிக்குது,” என்றேன்.

ரீச்சர் சாடியைக் கீழே வைத்தார். “ஓம்.”

“தெரியுமோ?”

“நான்தானே போடுவிச்சனான். தெரியாமல் என்ன?”

“ஏன்?”

“மான் வந்து எல்லாத்தையும் முடிச்சிட்டுது. வேலி உங்கட பொறுப்பு, நாங்கள் தொடக்கூடாது. அதுதான் உங்கட அண்ணைக்கு ரெலிபோன் எடுத்தனான். வட்டத்து ஆக்களே அடைச்சுத் தாறம், காசு வேண்டாம் எண்டு சொன்னனான்.” அவர் முந்தானையில் கையைத் துடைத்தார். “‘எங்கட எல்லையில கை வைக்க வேண்டாம், நாங்கள் வந்து பாப்பம்’ எண்டவர். சரி, எல்லையில கை வைக்கேல்லை. என்ர காணிக்குள்ள, என்ர வேலியா, தள்ளிப் போட்டனான். நாளைக்கு ஒருத்தரும் ஒரு சொல் சொல்லக்கூடாது பாருங்கோ.”

“அரை அடி தள்ளினாப் போதும் எண்டு நான் சொன்ன,” என்றாள் ரிஸ்வானா. “கேட்டாத்தானே! ‘வெளிநாட்டுக்காரர், சந்தேகப்படுவினம், நல்லாத் தள்ளிப் போடு’ எண்டு நிண்டு குழி கிண்டுவிச்சவ. மானுக்குப் பயந்து வேலி போடுறவங்களப் பார்த்திருக்கன். ஆளுக்குப் பயந்து வேலி போட்டதை இஞ்சதான் பார்த்த.”

“அப்ப வீடு கட்டுற எண்ணம் இல்லை,” என்றார் ரீச்சர். “மருமகன் அப்ப கொழும்பில. பிறகுதானே இஞ்ச வந்தவை.”

சுகந்தி சீப்பை நிறுத்தினாள். “சபையால வந்த ஓவசியர் வேலி வரைக்கும்தான் நாடா பிடிச்சவர். எல்லை அங்கால எண்டு நான் சொன்னனான். அப்பிடியெண்டால் பக்கத்துக் காணிக்காரர் வந்து நிண்டு சொல்லோணும் எண்டார். அம்மாட்டை எத்தினை தரம் சொல்லிப்போட்டன், மாலதி அக்காவுக்கு ஒரு கோல் எடுங்கோ எண்டு.”

“எடுத்து என்னெண்டு சொல்லுறது? வேலியை உங்கட பக்கம் தள்ளப் போறன் எண்டோ?” ரீச்சரின் குரல் முதல் தடவையாக உயர்ந்தது. “நான் சொன்னால் ஆர் நம்புவினம்? நீயே பார், மாலதிகூட நேற்று நான் கோயிலுக்குப் போன நேரம் பாத்துத்தான் அளந்தவ.”

ரிஸ்வானா எருவைக் கிளறினாள்.

“இலையால மூடினது ஏன்?” என்று கேட்டேன். அது கடைசிச் சந்தேகம்.

“வேர் காயாமல் இருக்க, அக்கா,” என்றாள் ரிஸ்வானா. “மூடாக்கு. ஒங்கட நாட்டில போடுறல்லையா?”

போடுவோம். எங்கள் கழகத்தில் அதற்கும் ஒரு விதி இருக்கிறது.

திங்கட்கிழமையே சபைக்கு வந்து சொல்கிறேன், ஆட்களைப் பிடித்து வேலியையும் எல்லைக்கு மாற்றிவிடலாம், செலவு என்னுடையது என்றேன். சுகந்தி எழுந்து நின்றாள். ரீச்சர் தலையாட்டவில்லை.

“காணி ரெண்டு பேருக்கும்தானே? நீங்கள் சொல்லுறீங்கள். நீங்கள் பிளேன் ஏறின பிறகு அண்ணை வந்து, ‘தங்கச்சியை ஏமாத்தி எல்லையை மாத்திப்போட்டினம்’ எண்டு சொல்லுவர். ஒழுங்கை முழுக்க நிண்டு சொல்லுவர். அவரும் சொல்லட்டும். அதுக்குப் பிறகு ஒரு கதியால் அசைப்பம்.”

“அம்மா!” என்றாள் சுகந்தி.

“நீ பேசாமல் இரு. வீடு இல்லாட்டிலும் இருக்கலாம். காணி பிடிச்சவள் எண்ட பேரோட இந்த ஒழுங்கையில என்னால இருக்க ஏலாது.”

7

அண்ணனை அன்றிரவே அழைத்தேன். அங்கே காலை, வேலைக்குப் போகும் வழியில் காருக்குள் இருந்தான். அளவைச் சொன்னேன். கல்லைச் சொன்னேன்.

“உன்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினவையோ, நீயாக் கண்டதோ?”

“நானாகக் கண்டது.”

“கல்லு பழைய கல்லுத்தானோ?”

“அப்பா பூசின சுண்ணாம்பு இருக்கு.”

“சுண்ணாம்பு ஆரும் பூசலாம்.”

ரீச்சர் வேலியைப் பற்றி முன்பு அவனுக்கு ரெலிபோன் எடுத்தாரா என்று கேட்டேன்.

“எடுத்திருக்கலாம். ஆயிரம் பேர் எடுப்பினம்.”

“எனக்கு ஏன் சொல்லேல்லை?”

“என்னத்தைச் சொல்லுறது? ஒருத்தி எங்கட வேலியை இலவசமா அடைச்சுத் தாறன் எண்டால் நீ நம்புவியோ? நீ பேப்பர்காரி, நீ சொல்லு.”

நம்பியிருக்க மாட்டேன். அதை அவனிடம் சொல்லவில்லை. சபைக்கு ஒரு வார்த்தை சொல்லும்படி மட்டும் கேட்டேன். தொலைபேசியில் சொன்னாலும் போதும் என்று சுகந்தி விசாரித்து வைத்திருந்தாள். இன்று ஒன்றரை அடி விட்டால் நாளை மூன்றடி கேட்பார்கள் என்றான். அது அவர்களுடைய ஒன்றரை அடி என்றேன். அதைத்தான் தான் நேரில் வந்து பார்க்க வேண்டும் என்றான். மார்கழியில் வருவதாகச் சொன்னான்.

நான் தனியாகச் சபைக்குப் போனேன். ஓவசியர் மரியாதையாகக் கதிரை தந்து, மற்ற உரிமையாளரும் சொன்னால் உடனே செய்யலாம் என்றார். வெளியே வந்தபோது சுகந்தி மகளோடு தெருவின் மறுபக்கம் நின்றாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, கேட்காமலே, “பரவாயில்லை அக்கா, மார்கழி எண்டால் கிட்டத்தானே,” என்றாள்.

மெல்பேணுக்குப் புறப்பட்ட காலையில் ரீச்சர் கேற்றுக்கு வந்தார். போன முறை நான் வீட்டைப் பூட்டிவிட்டுப் போனபோது அம்மாவின் செவ்வரத்தையைப் பார்த்துக்கொள்ளவென்று திறப்பை அவர்தான் வாங்கி வைத்திருந்தார். இந்த முறை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. “வெளியில நிண்டு தண்ணி விடுவன். திறப்பு வேண்டாம், மாலதி,” என்றார். குரலில் கோபம் இல்லை. திறப்பு இப்போது என் கைப்பையில், இங்கே, மெல்பேண் வீட்டுத் திறப்புகளோடு சேர்ந்து கிடக்கிறது.

வட்டத்தின் வட்ஸ்அப் குழுவில் என்னையும் சேர்த்திருக்கிறார்கள். ஒவ்வொரு முதல் ஞாயிறும் படங்கள் வரும். நானா வெயிலுக்குக் குடை பிடித்த ஓர்க்கிட், ரிஸ்வானாவின் கிண்ணியா வேலியில் துளிர்விட்ட கதியால்கள். நாலும் பிடித்துவிட்டன என்று எழுதியிருந்தாள். நானும் என் பாத்தியின் படத்தைப் போடுகிறேன். ரீச்சர் எல்லாப் படங்களுக்கும் ஒரு பூப்படம் அனுப்புவார். எனக்கும் அனுப்புகிறார். அதற்கு மேல் ஒரு சொல் எழுதுவதில்லை.

மார்கழியில் அண்ணனுக்கு வேலையில் விடுமுறை கிடைக்கவில்லை. சித்திரையில் பார்க்கலாம் என்கிறான்.

சுகந்தியின் பிள்ளைகள் இரண்டு பேரும் தை மாதத்திலிருந்து தம்பலகாமத்தில், ரமேஷின் கராஜுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறார்கள்.